சுமையாள் நாற்பத்தொன்று

வாற்கோதுமை ரொட்டியின் கடைசித் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒர்வேனா அடுத்த பெயரைப் படித்தாள். "லெம்பார்க்." மூன்றாம் வரிசையில் தலை இல்லாத ஒருவர், "இருக்கேன்" என்றார். எங்கிருந்து சொல்கிறார் என்று அவள் பார்ப்பதில்லை. பதிவேட்டில் ஒரு கோடு கிழித்தாள். லெம்பார்க் மண்ணுக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டார்.

கெர்மாத் படைக் கல்லறையில் பொழுது புலர்ந்ததும் தினமும் இதுதான் வேலை. செத்த சிப்பாய்கள் பழக்கதோஷத்தில் எழுந்து வரிசையில் நிற்பார்கள். பெயரைக் கூப்பிட்டால் மறுநாள் காலைவரை படுப்பார்கள், கூப்பிடாவிட்டால் நிற்பார்கள். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஒர்வேனா பத்தொன்பது வருஷமாகக் கூப்பிடுகிறாள். குள்ளமான உருவம், இடது முழங்காலில் சுற்றிய கம்பளித் துணி, காதில் செருகிய பென்சில். நடுவில் நிறுத்தி, "பித்தானப் போடுப்பா. செத்துட்டா ஒழுங்கு வேணாமா?" என்பாள். கல்லறைக் கற்களில் பாசி சுரண்டும் கத்தியாலேயே மதியத்துக்கு முள்ளங்கி சீவுவாள்.

கூட வேலை பார்க்கும் பெஸ்கோ கழுத்தில் ஏழு தாயத்துகள் கட்டியிருக்கிறான். "ஒண்ணு வேல செஞ்சா மீதி ஆறு எதுக்குடா?" என்று அவள் கேட்டதற்கு அவன் எட்டாவதாக ஒன்று வாங்கினான்.

கல்லறையில் பேய் நடமாடுகிறது என்று ஊரார் சொல்வது இந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேரை அல்ல. இவர்கள் வீரர்கள். ஊரார் சொல்வது கல்லறையைச் சுற்றிய அகழிக்கு வெளியே நிற்கும் நாற்பத்தொரு பேரை. ஒர்வேனாவுக்கு அந்தச் சொல்லே ஆகாது. பேய் என்று சொல்லிவிட்டால் யார் செய்த குற்றம் என்று எவரும் கேட்கமாட்டார்கள் என்பது அவள் கட்சி.

அவர்கள் சுமையாட்கள். மலையோரக் கிராமங்களில் பிடித்து வந்து, தளபதி ஹால்திரக்கின் சாமான்களை முதுகில் ஏற்றிக் கணவாய்க்கு நடத்திச் சென்றார்கள். பனிச்சரிவில் எல்லோரும் ஒரே நாளில் செத்தார்கள். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் "கோவேறு கழுதை அறுபது, கூடாரம் இருபத்திரண்டு" என்பதற்குக் கீழே "சுமையாள் நாற்பத்தொன்று" என்று இருக்கிறது. அவ்வளவுதான். உத்தரவு இல்லாமல் சுமையை இறக்கக் கூடாது, சுமை முதுகில் இருக்கையில் பேசக் கூடாது என்பது படை விதி. இறக்கச் சொல்ல எவரும் பிழைத்திருக்கவில்லை. எனவே நூற்று முப்பது வருஷமாக நிற்கிறார்கள். முன்னால் நிற்கும் கிழவரும் இன்னொருவரும் தளபதியின் செம்புக் குளியல் தொட்டியைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். இறக்கி வையுங்கள் என்று ஒர்வேனா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். கிழவர் தளபதியின் கல்லறைப் பக்கம் மோவாயைக் காட்டுவார்.

தளபதியிடமும் கேட்டாள். தொட்டியில் கீறல் விழும் என்றார் அவர். பிறகு தலைநகருக்கு ஆண்டுக்கொரு மனு எழுதினாள். பத்தொன்பதாவதற்குப் பதில் வந்தது: இரண்டு மூட்டை உப்பு. திருவிழாவுக்கு விருந்தினர் வருவதால் நான்கு நாளுக்குள் அகழி நெடுக உப்பைத் தூவி, வெளியே நிற்பவற்றை அப்புறப்படுத்த வேண்டும் என்று மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். உப்புக் கோடு விழுந்துவிட்டால் அதைத் தாண்டி எந்த உத்தரவும் கேட்காது. முதுகில் இருப்பது என்றென்றைக்கும் முதுகிலேயே இருக்கும்.

ஒர்வேனா ஒரு மூட்டையைப் பிரித்து முள்ளங்கிக்கு ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை பதிவேட்டின் முதல் பெயரைத் தாண்டி இரண்டாவதிலிருந்து படித்தாள்.

எல்லோரும் படுத்தபின் தளபதி ஹால்திரக் மட்டும் பதக்கங்களோடு தனியாக நின்றார்.

"என் பேர விட்டுட்ட."

"அப்படிங்களா? நாளைக்குப் பாக்குறேன்."

அன்று பகல் முழுக்க அவர் நின்றார். இரண்டாம் நாள் மழை. பெயரை வேண்டுமென்று விடுவது வேலைநீக்கத்துக்குரிய குற்றம். பெஸ்கோ பதிவேட்டைப் பிடுங்கித் தானே கூப்பிடப் போனான்.

"அக்கா, மேல தெரிஞ்சா ரெண்டு பேரு சோத்துலயும் மண்ணு."

"தெரியட்டும். அவரு ரெண்டு நாளு நிக்கிறது உனக்கு உறுத்துதே. அவங்க நிக்கிறது இத்தன வருஷமா உறுத்தலியாடா?"

பெஸ்கோ பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தான். அன்று மாலை அகழிப் பக்கம் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தான். கழுத்தில் ஒரு தாயத்து குறைந்திருந்தது.

மூன்றாம் நாள் தளபதி தன் கல்லறைக் கல்லில் சாய்ந்திருந்தார். செத்தவனுக்கும் கால் வலிக்கும் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

"உனக்கு என்னதான் வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் தளபதியாரே. சுமைய எறக்குன்னு ஒரு வார்த்த. அகழி வரைக்கும் கேக்குற மாதிரி."

"சுமை தூக்குறவனுக்கு நான் உத்தரவு போடுறதா? என் கொரலு படைக்கு உள்ளது."

"அப்ப நில்லுங்க."

நான்காம் நாள் காலை, பெயர் கூப்பிடும் முன்பே, தளபதி தொண்டையைக் கனைத்தார். அகழியைப் பார்க்காமல், வானத்தைப் பார்த்து, "சுமைய எறக்கு" என்றார்.

முதலில் குளியல் தொட்டிதான் விழுந்தது. அந்தச் சத்தம் கீழே ஊர்வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். பிறகு பெட்டிகள், மேசைகள், ஒரு முழு நிலைக்கண்ணாடி. நாற்பத்தொரு முதுகுகள் மெல்ல மெல்ல நிமிர்ந்தன. கிழவர் தன் கையிரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"சொல்லியாச்சு. இப்ப என் பேரக் கூப்பிடு" என்றார் தளபதி.

ஒர்வேனா முழங்காலைப் பிடித்தபடி அகழியைத் தாண்டி அப்பக்கம் போனாள். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தை விரித்து, 'சுமையாள் நாற்பத்தொன்று' என்ற வரியை அடித்தாள். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு கிழவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க பேரு என்னங்க?"

நூற்று முப்பது வருஷமாக எவரும் கேட்காத பெயரைக் கிழவர் யோசித்தார்.

"எத்தன நேரம்?" என்று பின்னாலிருந்து தளபதி கத்தினார்.

ஒர்வேனா திரும்பவில்லை. இடது உள்ளங்கையை மட்டும் அவர் பக்கமாகத் தூக்கிக் காட்டிவிட்டு, பென்சிலைத் தாளில் வைத்துக் காத்திருந்தாள்.