பெரிய மீனுக்குத் துணை

போன வாரம் என் அண்ணன் மகன் சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி. அடியில் மணல் பரப்பி விளக்கெல்லாம் போட்டிருந்தான். மீன் மட்டும் இன்னும் வரவில்லை. படத்துக்குக் கீழே ஒரு கேள்வி. "அத்தே, இதுல கெளுத்தி வளக்கப் போறேன். கூட இன்னா மீனு உட்டா ஒத்துப்போவும்?"

அவன் படித்த படிப்புக்கு இதையெல்லாம் என்னிடம் கேட்க வேண்டியதில்லை. போனைத் தட்டினால் ஆயிரம் பேர் சொல்லித் தருவார்கள். ஆனால் எங்கள் குடும்பத்தில், மீன் தொட்டிக்குக் காவல் இருந்து சம்பளம் வாங்கியவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. என் அண்ணன் வைத்த பெயர். அவன் வாய்க்குப் பூட்டு இல்லை. சும்மா சொல்லக்கூடாது, பொய்யும் இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்ததுமே மூக்கில் ஒரு வாசனை ஏறியது. கருவாட்டுப் பொடி மாதிரி இருக்கும் மீன் தீனி, தரை துடைத்த டெட்டால், வாடிய மல்லிகைப் பூ. மூன்றும் சேர்ந்த வாசனை உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. விழுப்புரத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கூடம். பிள்ளை இல்லாதவர்கள் வருகிற ஆஸ்பத்திரி. நான் திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய், வாசல் மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துப் பேர் கூப்பிடுவேன். சுவரில் பிள்ளையார், எங்கள் மாதா, ஒரு மசூதிப் படம் மூன்றும் வரிசையாகத் தொங்கும். வருகிறவர்கள் எதையும் விடமாட்டார்கள், மூன்றையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

அந்தக் கூடத்தில் ஒரு பொல்லாத விஷயம் உண்டு. ஒருத்தி அழ ஆரம்பித்தால் அடுத்தவள் அழுவாள், அப்புறம் கூடமே மூக்கைச் சிந்தும். டாக்டரம்மாவின் வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரியின் நிர்வாகம். சார் என்று கூப்பிடுவோம். ஜெனரேட்டர், தண்ணீர் லாரி, கணக்கு எல்லாம் அவர் தலையில். "பாக்கறதுக்கு எதுனா இருந்தா அழ மாட்டாங்கம்மா" என்று சொல்லி எட்டடித் தொட்டி ஒன்றை என் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கினார்.

முதலில் தங்க மீன்கள். பார்க்க லட்சணம், ஆயுசுதான் கிடையாது. மற்ற இடத்தில் மீன் செத்தால் எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். அங்கே முடியுமா? வளவனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், வயிறு மேலே தெரிய மிதந்த மீனைப் பார்த்தாள். கையிலிருந்த டோக்கனை என் மேசையில் வைத்தாள், புருஷனைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அப்புறம் வரவே இல்லை. அன்றிலிருந்து காலையில் கதவு திறக்குமுன் வலையோடு தொட்டியைச் சுற்றி வருவது என் வேலையாயிற்று. பி.காம். படித்தது இதற்குத்தான் என்று அம்மா பெருமைப்பட்டுக்கொண்டாள்.

லேசில் சாகாத மீன் வேண்டும் என்று சார் புதுச்சேரிக்குப் போய்ச் செவ்வால் கெளுத்திக் குஞ்சு ஒன்றை வாங்கிவந்தார். வெள்ளை வயிறு, சிவப்பு வால், நீள நீள மீசை. அப்போது விரல் நீளம்தான். என்னமாய் அழகு! கூடவே வெள்ளிக் காசு மாதிரி வட்ட மீன்கள் கொஞ்சம். கெளுத்தி தின்றது, வளர்ந்தது. காசு மீன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. "நேத்து நெறய இருந்துச்சேங்க?" என்று யாராவது கேட்டால், "பின்னாடி தூங்குதுங்க" என்பேன். ஒருநாள் பட்டப்பகலில், கூடம் நிறைய ஆள் இருக்கும்போது, கெளுத்தியின் வாயில் பாதி மீன் துடித்துக்கொண்டு நின்றது. அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் எழுந்து போய்த் தொட்டி விளக்கை அணைத்தேன். வேறென்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் சார் தொட்டி முன்னால் நின்று யோசித்தார். "நான் பண்ண தப்பு இன்னா தெரியுமா? ஜாதி மாத்தி உட்டுட்டேன். மீசக்காரனுக்கு மீசக்காரன்தான் செட்டாவான்."

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கவனத்தோடு அவர் துணை தேடினார் என்றால் மிகையில்லை. புலிக் கோடு போட்ட தட்டை மூக்குக் கெளுத்தி இரண்டு வந்தன. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் சக்கர் மீன் ஒன்று வந்தது. அதுவும் மீசை வைத்த கூட்டம்தான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். எல்லாமே செவ்வாலுக்குச் சமமான உடம்பு. ஆளுக்கொரு பிளாஸ்டிக் குழாயை அடியில் போட்டு, தனித்தனி வீடும் கொடுத்தார். அதிசயம், சண்டையே வரவில்லை. எதுவும் குறையவும் இல்லை. "பாத்தியா? சொந்தம் சொந்தம்தான்" என்று தினமும் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. என் வீட்டிலும் அப்படித்தானே பேசுவார்கள்!

செவ்வால் என் கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. கண்ணாடி ஓரமாக வந்து ஆட்களைப் பார்க்கும். பெரிய மீன் யார் முன்னால் வந்து நிற்கிறதோ அவர்களுக்கு அந்த மாதம் தங்கும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. தொட்டி ஓரத்து நாற்காலிக்கு அடிபிடி ஆயிற்று.

அந்த நாற்காலிக்காக விடியற்காலைப் பஸ்ஸில் வருகிறவள் மஞ்சுளா. முகையூர்ப் பக்கம் ஒரு கிராமம், சொந்த நிலத்தில் மல்லாட்டையும் கரும்பும் போடுகிற குடும்பம். புருஷன் ஏழுமலை அவளுக்குத் தாய்மாமன், அவள் அம்மாவுடைய சொந்தத் தம்பி. பெற்ற இரண்டும் பிறந்த வேகத்தில் போய்விட்டன. அதற்கப்புறம் நிற்கவே இல்லை. ஒரே ரத்தத்தில் கட்டிக்கொண்டதால் இருக்கலாம் என்று டாக்டரம்மா அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருந்தார். மஞ்சுளா அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். "வெளிய குடுத்தா மாமியாரு கொடும பண்ணுவாங்கன்னு எங்க அம்மாவப் பெத்த ஆயா ஊட்லயே குடுத்தாங்கக்கா. இப்ப அந்த ஆயாதான் சொல்லிக்கினு கீது, இந்தத் தடவயும் தங்கலன்னா மாமாவுக்கு வேற பாக்கணும்னு."

வேற பாக்கணும். அந்த இரண்டு சொல்லைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு நின்றுவிடும். மீனைப் பார்த்துக்கொண்டு உள்ளங்கையைக் கண்ணாடியில் வைப்பாள். செவ்வால் வந்து அந்தக் கைக்கு நேராக நிற்கும். தீனி போடுவதாக நினைத்திருக்கும், வேறென்ன.

தங்கியது. நான்காவது மாதம் ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கமாட்டாமல் ஏழுமலை முன்னால் வர, பின்னால் அவள் வந்தாள். குடத்துக்குள் அவர்கள் ஏரியில் பிடித்த நாட்டுக் கெளுத்தி ஒன்று, ஒரு சாண் இருக்கும்.

"வேண்டிக்கினேங்க சார். எனக்குத் தங்குச்சுன்னா பெரிய மீனுக்குத் தொணையா ஒண்ணு உடறேன்னு."

சார் குடத்தை எட்டிப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். கூடமே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரியின் வேண்டுதலை அந்தக் கூடத்தில் நின்று யார்தான் வேண்டாமென்று சொல்லமுடியும்? "கெளுத்திதானே, நம்ம ஆளுதான். உடும்மா" என்றார். அவள் கையாலேயே விட்டாள். நாட்டுக் கெளுத்தி விர்ரென்று போய்க் குழாய்க்குப் பின்னால் ஒளிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். குழம்புக்கு ஆயும்போது கெளுத்தி முள் குத்தி நாளெல்லாம் கை வலித்துக் கிடந்தவள் நான். ஆனாலும் அந்த முள்ளை அப்போது யார் நினைத்தது.

சில நாள் கழித்து, காலையில் வலையோடு போனேன். செவ்வால் தண்ணீர் மட்டத்தில் சாய்ந்து கிடந்தது. வாய் திறந்தபடி, மூட முடியாமல். உள்ளே நாட்டுக் கெளுத்தியின் வால் தெரிந்தது. விழுங்கியிருக்கிறது. உள்ளே போனது பயத்தில் முள்ளை விரித்துக்கொண்டுவிட்டது. விரித்த முள் மடங்காது. தள்ளவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சாரை வரவழைத்தேன். குறடு வைத்து இழுத்துப் பார்த்தார். டாக்டரம்மா வருமுன்னே இரண்டும் அடங்கிவிட்டன.

"ஒரே ஜாதிதானேம்மா..." என்று சார் குழந்தை மாதிரி கேட்டார். எனக்கு அப்படி ஓர் எரிச்சல் வந்தது. மீன் என்ன ஜாதகமா பார்க்கும்? வாய்க்குள் அடங்குமா அடங்காதா என்றுதான் பார்க்கும். தட்டை மூக்குகளும் சக்கரும் பிழைத்துக் கிடந்தது சொந்தம் என்பதால் இல்லை, வாயில் அடங்காத உடம்பு என்பதால். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இத்தனை காலம். அண்ணன் மகனுக்கு நான் சொல்லப்போவதும் இதுதான்.

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் புதைத்தோம். தொட்டியைப் படுக்கை விரிப்பால் மூடிவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் தண்ணீர் மாற்றுகிறார்கள் என்றேன். மறுவாரம் மஞ்சுளா வந்தாள். "என் மீனு நல்லா கீதாக்கா?" என்று விரிப்பின் மேல் லேசாகத் தட்டிப் பார்த்தாள். நல்லாயிருக்கு, போய் ஸ்கேன் எடுத்துக்கினு வா என்று அனுப்பினேன்.

அவளை டாக்டரம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே துடிப்பு இல்லை. மஞ்சுளா அழவில்லை. மீனைப் பற்றியும் கேட்கவில்லை. ஏழுமலை, "ஜல்தி வா, பஸ்ஸு போயிடும்" என்று மட்டும் சொன்னான். ஒரே ரத்தம்தான் காரணம் என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கும் அது புரியும். புரிந்து என்ன பிரயோஜனம்? அன்று பஸ்ஸில் மயிலம் தாண்டுகிறவரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

சார் அப்புறம் மீன் வாங்கவில்லை. மிச்சமிருந்தவற்றைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தார். தொட்டி இருந்த இடத்தில் நாற்காலிகள் வந்தன, சுவரில் டி.வி. வந்தது. அதற்கு முன்னால் உட்கார்ந்தும் எல்லோரும் அழத்தான் செய்தார்கள்.

ஒரு வருஷம் போயிருக்கும். ஏழுமலை படியேறி வந்தான், கூட மஞ்சுளா. நான் எழுந்தேவிட்டேன். கிட்ட வந்ததும்தான் தெரிந்தது, அவள் இல்லை. அதே நெற்றி, அதே நடை, வயசு குறைவு. அவளுடைய தங்கச்சி. அவனுக்கு இவளும் அக்கா மகள்தானே. அடப்பாவிகளா என்று வாய்வரை வந்துவிட்டது. அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பெண்தான் பேசினாள்.

"அக்காவும் எங்ககூடத்தான் கீதுங்க. வெளிய பொண்ணு எடுத்தா அக்காவுக்கும் அதுக்கும் ஒத்துவராது, கூடப்பொறந்தவள்னா சண்டை வராதுன்னு என்னையே கட்டி வெச்சுட்டாங்க."

டாக்டரம்மா அன்று அவ்வளவு எடுத்துச் சொன்னது இவர்கள் காதில் எங்கே போயிற்று? கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தப் பெண் கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. அதை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே பாதித் தண்ணீரில் ஒரு நாட்டுக் கெளுத்தி மீசையை ஆட்டிக்கொண்டு கிடந்தது.

"அக்கா குடுத்தனுப்பிச்சுதுங்க. எனக்காவ வேண்டிக்கினு கீதாம். பெரிய மீனுகூட உடச் சொல்லுச்சு." கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "தொட்டி எங்கங்க?"

"மாடியில கீதும்மா. குடு, நான் உட்டுடறேன்" என்றேன்.

சந்தோஷமாகக் கொடுத்தாள். பேர் கூப்பிட்டதும் உள்ளே போனாள். தூக்கை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு அன்றைய பொழுதை ஓட்டினேன். சாயங்காலம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, எங்கள் தெருக்கோடியில் இருந்த குட்டையில் விட்டேன். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று.

தூக்கை நாலு தண்ணீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். அடுத்த முறை அந்தப் பெண் வந்தால் கொடுக்க வேண்டும். வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாதென்று ஒரு கை சர்க்கரை போட்டு மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மேசை டிராயரில் வைத்தேன். வரவில்லை. சர்க்கரை கசிந்து எறும்பு ஏறியது. கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டு வைத்தேன். அவர்கள் யாருமே வரவில்லை. டாக்டரம்மா குடும்பம் ஊரை விட்டுப் போனது. அந்தக் கூடத்தில் இப்போது மெத்தையும் கட்டிலும் விற்கிறார்கள். குட்டையை மண்ணடித்து மூடி மனை போட்டுவிட்டார்கள். மஞ்சுளாவின் தூக்கு மட்டும் என் சமையலறைப் பரணில் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் கொஞ்ச நாள் சர்க்கரை போட்டு வைத்திருந்தேன், அப்புறம் போடுவதில்லை.