கழட்டி வைச்ச கரவன்

யோகராஜா அண்ணையை ஆரும் நல்ல மனிசன் எண்டு சொன்னால் எனக்குக் கோவம்தான் வரும். நல்ல மனிசன்தான், இல்லையெண்டேல்லை. ஆனால் அந்த நல்ல மனிசன் செய்ததும், அதுக்கு நான் ஓம் எண்டு தலையாட்டினதும் ஆருக்கும் தெரியாது. இண்டைக்குச் சொல்லிப்போடுறன்.

லண்டனிலை, பார்க்கிங் எண்ட ஊரிலை எங்களுக்குப் பக்கத்து வீடு. அண்ணை கூரை வேலை செய்யிறவர். ஏணியும் ஓடும் ஏத்த ஒரு பிக்கப் வைச்சிருந்தார். 2005இலை பழைய கரவன் ஒண்டை வாங்கி, அந்தப் பிக்கப்புக்குப் பின்னாலை கொழுவி இழுத்துக்கொண்டு வந்து வாசலிலை விட்டார். கட்டிலும் அடுப்பும் உள்ள, சில்லுப் பூட்டின சின்ன வீடு. "என்ன அண்ணை, கவுன்சில் வீடு தந்திட்டுதோ?" எண்டு நான் நக்கலடிச்சன். அவரின்ரை மனிசி தவமலர் அக்கா சிரிக்கேல்லை. பிள்ளை குட்டி இல்லை, ஏழு வருசமாய்த் தமிழ்க் கடையிலை காசு வாங்கிற டில்லுக்குப் பின்னாலை நிண்டே காலம் போன மனிசி. அந்த ஆடி மாசம் கிளாக்டன் கடற்கரையிலை நாலு நாள் நிண்டு, நண்டுக்கறி காய்ச்சிப் பக்கத்துக் கரவன்காரருக்கும் குடுத்துப்போட்டு வந்து சொன்னா, "லலிதா, லண்டனுக்கு வந்து நான் மூச்சு விட்டது இந்த நாலு நாள்தானடி."

அடுத்த வருசமும் போய்த் திரும்பி வரேக்கை பொலிஸ் மறிச்சுது. தொண்ணூற்றேழுக்குப் பிறகு லைசென்ஸ் எடுத்த ஆக்கள் அந்தளவு பாரம் இழுக்கிறதெண்டால் புறம்பாய் ஒரு டெஸ்ட் பாஸ் பண்ணவேணுமாம். அண்ணைக்கு அது தெரியாது. ஊரிலை ஆமிச் செக்பொயின்ரிலை தம்பியைப் பறிகுடுத்தவ அக்கா. றோட்டுக்கரையிலை நடுங்கிப்போய் நிண்டிருக்கிறா. "நீங்கள் டெஸ்ட் பாஸ் பண்ணாமல் இனி நான் இதிலை ஏறமாட்டன்" எண்டு சொல்லிப்போட்டா.

2007 மாசியிலை அக்காவுக்கு வயித்துநோ. அவவுக்கு இங்கிலீஷ் ஓடாது, ஆஸ்பத்திரியிலை அண்ணைதான் தமிழிலை சொல்லுறவர். டொக்டர் சொன்னது கான்சர், பரவிட்டுது, இந்த வருசம் தாண்டாது எண்டு. அண்ணை அக்காவுக்குச் சொன்னது, "வயித்திலை புண்ணாம். மருந்து எடுக்க ஆறுமாம்." வீட்டை வந்து என்னைத் தனியக் கூப்பிட்டு, "சொன்னால் அவள் இண்டைக்கே செத்துப்போவாள் லலிதா. நீர் வாய் திறக்கக்கூடாது" எண்டார். எங்கடை ஆக்களிலை ஆர்தான் வருத்தக்காரரின்ரை முகத்தைப் பாத்து உதைச் சொல்லியிருக்கினம்? நானும் ஓம் எண்டன்.

பிறகு மனிசன் டெஸ்டுக்குப் பின்னாலை ஓடித் திரிஞ்சார். கரவனைப் பின்னுக்கு எடுக்கிறது லேசில்லை. அது இடப்பக்கம் போறதெண்டால் ஸ்ரேறிங்கை முதல் வலப்பக்கம் வெட்டவேணும். மனம் வேறை எங்கையோ நிண்டால் கை எப்பிடிச் சரிவரும்? சித்திரையிலை பெயில். ஆனியிலையும் பெயில். அடுத்த திகதி ஆவணிக் கடைசியிலைதான் கிடைச்சுது.

ஆடியிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை பாத்தால், கரவனைப் பிக்கப்பிலை கொழுவி, காஸ் சிலிண்டரும் ஏத்தி வைச்சிருக்கிறார். "தவம், வெளிக்கிடும். கிளாக்டனுக்குப் போவம்."

அக்கா வாசலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. "டெஸ்ட் பாஸ் பண்ணாமலோ? உங்களுக்கென்ன விசரே? என்ரை புண் ஆறட்டும், நீங்களும் பாஸ் பண்ணுங்கோ. வாற வருசம் போவம், என்ன அவசரம்?"

"அப்ப கரவனில்லாமல் பிக்கப்பிலையெண்டாலும் ஒருக்காப் போட்டு வருவம்."

"போய் ஒரு ஐஸ்கிறீம் குடிச்சிட்டுத் திரும்பவோ? நாலு நாள் நிண்டாத்தான் எனக்குப் போனமாதிரி."

அண்ணை என்னைப் பாத்தார். ஏதாவது சொல்லு எண்டு கெஞ்சின பார்வை. என்ரை வாயிலை வந்தது என்ன தெரியுமோ? "அக்கா சொல்லுறதும் சரிதானே அண்ணை." நாசமாப்போன வாய். அண்ணை குனிஞ்சு கரவனைக் கழட்டினார்.

ஆவணியிலை பாஸ் பண்ணிப்போட்டு, அக்காவை மறிச்சு வைச்சிருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அக்காவாலை அப்ப எழும்பி இருக்கவும் ஏலாது.

புரட்டாதியிலை ஒருநாள், அண்ணை வேலைக்குப் போன நேரம், ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடந்த அக்கா என்ரை கையைப் பிடிச்சா. "புண்ணுக்கு ஆக்கள் இப்பிடி உருகிறேல்லை லலிதா. எனக்கு என்ன?"

அதுக்கு மேலை என்னாலை ஏலாமல் போச்சு. சொல்லிப்போட்டன். மாசியிலையிருந்து எங்களுக்குத் தெரியும் எண்டதையும் சொன்னன். அக்கா அழேல்லை. "அவரை வரச்சொல்லு" எண்டா.

தார் பட்ட உடுப்போடை அப்பிடியே வந்து நிண்டார். என்ரை முகத்தைப் பாத்ததும் மனிசனுக்கு விளங்கிட்டுது.  அக்கா மெல்லமாய்ச் சொன்னா.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், பொலிஸாவது மண்ணாங்கட்டியாவது எண்டு நான் அண்டைக்கே ஏறியிருப்பனேயப்பா."