பாட்டுக்கு மதிப்புப் போட்டவர்

என் வீட்டுக்காரர் தனபாலுக்குத் தென்னந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக் காய் விற்பதுதான் தொழில். ஒரு தோப்பை எடுப்பதற்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதற்குள் நடப்பார். பாளை, குரும்பை, முற்றிய குலை எல்லாவற்றையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பி, இந்த வெட்டுக்கு இத்தனை காய் இறங்கும் என்று மதிப்புச் சொல்வார். ரோட்டோரத்து மரம் நன்றாகத்தான் காய்த்து நிற்கும், அதை வைத்து மதிப்புப் போட்டால் ஏமாந்து போவோம் என்பார். சொன்னதை மாற்றியதே இல்லை. காய் குறைந்தால் நஷ்டத்தைத் தானே தாங்கிக்கொள்வார். குத்தகையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று தோப்புக்காரர் வாசலில் போய் நிற்க மாட்டார். பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான நல்லேப்பிள்ளியில் அவர் வார்த்தைக்கு அதனால்தான் மரியாதை.

அப்படிப்பட்டவர் ஒரு பாட்டுக்கு மதிப்புப் போட்டார்.

எங்கள் மகள் செல்வப்பிரியா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அங்கேயே பியானோ கற்றுக்கொண்டு, ஒரு மின்சாரப் பியானோவும் வாங்கினாள். விடுதி அறையில் இடமில்லாததால் அது எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. சித்திரையில் அவளுக்கு வீட்டிலேயே நிச்சயம் நடந்தபோது மாப்பிள்ளை நவீன்குமாரின் ஆட்கள் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். மேற்கத்திய சங்கீதத்தில் மிக மெதுவான ஒன்றை அவள் வாசித்தாள். நான் சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் கொல்லைப்புறத்திலிருந்து சமையல்காரர் கூப்பிட, இவர் பாயசத்தைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதைக் கற்றுக்கொள்ள வருஷக்கணக்கில் ஆகுமாமே என்றார் சம்பந்தி. இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுல என்னங்க இருக்குது சம்பந்தி? ஒரு கட்டையத் தொட்டுட்டு அடுத்ததத் தொடறக்குள்ள வெத்தல போட்டுக்கலாம், அத்தன எடவெளி. ஆவணில கல்யாணம். அன்னிக்கு மேடையில நானே வாசிச்சுக் காட்டறனுங்க."

இவருக்கு மரம் ஏறும் அர்த்தநாரி ஓரமாக நின்றிருந்தான். "மதிப்புப் போட்டாச்சு. இனி மாத்தறதில்லீங்ணா" என்றான். கூடமே சிரித்தது. சம்பந்தி மட்டும் அதை நிஜமாக எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எப்போது போன் செய்தாலும், பாட்டு எந்த மட்டில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்.

பிரியா தன் கைகளை மட்டும் படம் பிடித்து, துண்டு துண்டாகப் போனில் அனுப்பினாள். தோப்பிலிருந்து வந்து குளித்ததும் இவர் பியானோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். வலது கையின் மெட்டு சீக்கிரமே வந்துவிட்டது. இடது கையால் கீழ்க்கட்டையில் ஒரு அழுத்தம், மேலே லேசாக இரண்டு, அதுவும் வந்தது. அந்தப் பெருமையில் முற்றத்தில் அப்படி ஒரு நடை நடந்தார். இரண்டு கையையும் சேர்த்தபோதுதான் எல்லாம் சிதறியது. வலது பாடினால் இடது அடங்கியிருக்க வேண்டுமாம். இவருடைய இரண்டு கையும் நானா நீயா என்று சண்டைக்கு நின்றன.

அதைவிடப் பெரிய தொல்லை அவர் கண்டுபிடித்த அந்த இடைவெளிதான். நீண்ட ஒரு ஒலியைத் தொட்டுவிட்டு, அது அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். இவருக்குப் பொறுக்காது, அடுத்ததற்குத் தாவிவிடுவார். "அப்பா, ஏனுங்க ஓடறீங்க? ஆரும் தொரத்தல" என்பாள் பிரியா போனில்.

"சும்மா இருக்கறக்குப் பயமா இருக்குது கண்ணு. வேகமா வாசிச்சா தப்பு அதுக்குள்ளயே கலந்து போயிரும். இதுல ஒண்ணு தப்புனா அது தனியா நின்னு என்னயப் பாக்குது."

ஒரே குத்தில் தேங்காய் மட்டை உரிக்கிற கைக்கு மெல்லத் தொடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த ஆனியில்தான் பார்த்தேன். ஆனாலும் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் வேறு சத்தங்களும் குறைந்தன. கேட்டைப் படாரென்று சாத்துகிறவர் கொண்டியைப் பிடித்து மூட ஆரம்பித்தார். காப்பி குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தால் எனக்குக் கேட்பதில்லை. குடித்தாரா இல்லையா என்று வந்து எட்டிப் பார்ப்பேன்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில், அனுப்பியிருந்த அத்தனை துண்டையும் நிறுத்தாமல் வாசித்துவிட்டார். உடனே மகளுக்கு வீடியோவில் கூப்பிட்டு வாசித்துக் காட்டி, "முடிஞ்சுது அம்மிணி" என்றார். பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அப்பா, பாதி முடிஞ்சிருக்குதுங்க."

மீதி எப்படி இருக்கும் என்று ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் மெட்டு இடது கைக்கு இறங்கிவிடுகிறது. வலது கை மேலே மெல்லிசாக ஓடிக்கொண்டே இருக்கிறது. காலும் சும்மா இல்லை, பியானோவுக்குக் கீழே இருக்கும் மிதிகட்டையை அழுத்தி அழுத்தி விடுகிறது. கொஞ்சம் பார்த்ததுமே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அன்றைக்குப் பாயசத்தைப் பார்க்கப் போனபோது நடந்தது இதுதான் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"ரோட்டோரத்து மரத்தப் பாத்துட்டு மதிப்புச் சொல்லிப்போட்டேன் புள்ள" என்றார் என்னிடம்.

ஆடி முழுக்க முயன்றும் பின்பாதி கைக்கு வரவில்லை. சம்பந்தியின் போன் வந்தால் என் கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். அப்பாவுக்குக் கையில் அடி என்று சொல்லிவிடலாம் என்றாள் பிரியா. கட்டுப் போட நான் தயார் என்றான் அர்த்தநாரி. எத்தனை துணி வேண்டியிருக்கும் என்றுகூடக் கணக்குப் போட்டான். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. காய் குறைந்ததற்குப் பொய்க்கணக்கு வேறு எழுதுவதா என்று கேட்டார். பாதியோடு மேடையேறினால், இத்தனை வருஷம் காப்பாற்றிய பேர் என்ன ஆகும் என்ற பயமும் அவருக்கு இருந்தது.

சோறு போடும்போது நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: "பாதி வந்திருக்குதில்லீங்க. வந்ததைக் கொண்டுபோய் வையுங்க."

சாப்பிட்டு எழுந்ததும் பியானோ முன்னால் போய் உட்கார்ந்தார்.

ஆவணியில், பக்கத்துச் சித்தூர் ஆடிட்டோரியத்தில் கல்யாண வரவேற்பு. பியானோவை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். கஞ்சி போட்ட வேட்டி மொடமொடக்க இவர் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். அன்றைக்கு அவர் ஓடவில்லை. நீண்ட ஒலி வந்தபோதெல்லாம் கையை வைத்தபடி காத்திருந்தார். அதோடு சேர்ந்து மண்டபமும் காத்திருந்தது. ஐஸ்கிரீம் வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பாதி வந்ததும் கையை எடுத்து எழுந்து நின்று மைக்கை வாங்கினார்.

"மதிப்புத் தப்பிப் போச்சுங்க. பாதிக் காய்தான் எறங்குச்சு. மீதி என்ர பாக்கி."

முதலில் சிரித்தவர் சம்பந்திதான்.

"பரவால்லீங்க சம்பந்தி, அடுத்த வெட்டுக்குக் குடுத்துருங்க."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நல்ல சிரிப்பு அது, இவரும் சிரித்துவிட்டார். பிரியா மாலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, அப்பா விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். இவர் மேடையை விட்டு இறங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோப்புக்குள் நடக்கிற முகத்தோடு, கடைசி ஒலி அடங்கும் வரை கேட்டார்.

கீழே வந்தவரை அர்த்தநாரி விடவில்லை. "ஏனுங்ணா, மீதிக்கு எத்தன நாளாகும்?"

"ரெண்டு வருசம்."

"உறுதியாச் சொல்றீங்களா?"

"இந்தவாட்டி கடைசி வரிச வரைக்கும் பாத்துட்டேன்டா" என்றவர், சாப்பிடலாம் வா என்று என்னைக் கூட்டிப்போனார். எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, இலைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தார்.