வளைகுடா வழி, இரண்டு பெட்டி

அம்மா இறந்துபோன செய்தி புதன்கிழமை காலை வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணன் அழுதுகொண்டே சொன்னான்: "நீதான் கொள்ளி வைக்கவேணும். ஞாயிற்றுக்கிழமை வரை வைச்சிருக்கிறம், வந்து சேர்." அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். எங்கள் வழக்கம் அது. நான் இளையவன்.

இங்கே ஐரோப்பாவில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் விமானச் சீட்டுப் போடும் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் எந்த வழி என்று கேட்கவே இல்லை. லா சப்பலில் யாரும் கேட்பதில்லை. வளைகுடா வழி போனால் இரண்டு பெட்டி விடுவார்கள். மற்ற வழிகளில் ஒன்றுதான். கல்யாணத்துக்கும் அந்த வழி, காணி விற்கவும் அந்த வழி, செத்தவீட்டுக்கும் அந்த வழிதான். வியாழன் இரவுக்குச் சீட்டு வந்தது. செத்தவீட்டுக்குப் போகிறவனுக்கு எதற்கு இரண்டு பெட்டி? அந்தக் கேள்வி எனக்கும் வரவில்லை. மனைவி சொக்லேட்டும் பால்மாவும் அடுக்கினாள். சார்செலிலிருந்து வந்த மச்சாள் அழுது முடித்துவிட்டு ஒரு பார்சலை நீட்டி, "இதையும் ஒரு மூலையிலை வையுங்கோ" என்றாள்.

வியாழன் மத்தியானம் வளைகுடாவில் ஏவுகணை பறந்தது. வான்வழியை மூடிவிட்டார்கள். மறுபடி அதே கடைக்கு ஓடினேன்.

"மற்ற வழியெல்லாம் நிரம்பிட்டுது அண்ணை. ஞாயிறு கழிஞ்சு வாற கிழமைதான் இடம் இருக்கு."

"நேற்று இடம் இருந்ததோ?"

"ஓம், இஸ்தான்புல் வழி இருந்தது. ஒரு பெட்டிதானே, அதாலை நான் காட்டேல்லை."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு, பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தேன். அங்கே தொலைக்காட்சியில் அதே வளைகுடா. வில்லியே லே பெல்லிலிருந்து தினமும் வேலைக்கு வரும் ஒரு அண்ணை, சிந்திய தேநீரில் விரலைத் தோய்த்து மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தார்.

"இது ஈரான், இது ஓமான். நடுவிலை உந்தக் கடல் ஒடுக்கம். உலகத்து எண்ணெயிலை அஞ்சிலை ஒரு பங்கு உதுக்குள்ளாலைதான் போறது. உதை மூடினால் சீனாவும் யப்பானும் படுத்திடும். இஞ்சையும் பெற்றோல் ஏறும். அதுதான் அமெரிக்கன் அங்கை கப்பலோடை நிக்கிறான். எண்ணெய்க் கப்பலுக்குக் காவல் போவாங்கள், இருந்து பாருங்கோ."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"எண்ணெய்க்குக் காவல் போவாங்கள், சரி! என்னை ஆர் கொண்டுபோறது? ஞாயிற்றுக்கிழமைக்கிடையிலை நான் அம்மாவிட்டைப் போகவேணும்!"

அவர் உள்ளங்கையால் மேசையைத் துடைத்தார். "குறை நினையாதையும் தம்பி, எனக்குத் தெரியாது" என்றார்.

அவரை நொந்து என்ன? முத்துக் குளிப்பும் மீன்பிடியுமாக இருந்த கரை அது. எண்ணெய் வந்தது, காசு வந்தது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே பென்னாம்பெரிய விமான நிலையங்களைக் கட்டி, உலகத்தையே தங்கள் வாசலால் நடக்கவைத்தார்கள். மலிவென்று நாங்களும் நடந்தோம். இப்போது யாரோ யாருடனோ அடிபட, யாழ்ப்பாணத்தில் என் அம்மா எனக்காகக் காத்துக் கிடக்கிறாள். என்ன கண்டறியாத எண்ணெய்!

ஞாயிறு காலை மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீட்டுக் கட்டிலில் இருந்து தொலைபேசியில் பார்த்தேன். அண்ணன் கொள்ளியைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பி, "தம்பி, பாக்கிறியே?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். கதவடியில் இரண்டு பெட்டிகளும் கட்டியபடியே நின்றன.

செவ்வாய்க்கிழமை சீட்டுக் கடைக்காரர் கூப்பிட்டார்.

"அண்ணை, பாதை திறந்திட்டாங்கள். இண்டைக்கே ஏறலாம், ரெண்டு பெட்டியோடை."

"இனிப் போய் என்ன செய்ய?"

"அப்பிடிச் சொல்லாதையுங்கோ. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை இருக்குத்தானே. அதையெண்டாலும் உங்கடை கையாலை செய்யலாமே."

"கொள்ளி வைச்சவன்தான் அந்தியேட்டியும் செய்யவேணும். உமக்கு அதுவும் தெரியாதே?" என்று கத்தினேன்.