செய்து காட்டாதே என்றவள்

ஜமீலாவின் தம்பி போனில் அழைத்தபோது நான் அவளுக்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். காட்டமான பதில். எங்கள் படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றி முந்தின நாள் மாலை அவள் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் இறந்துவிடுகிறான். பார்க்க வரும் தங்கை வாசலிலேயே விழுந்து கதறுகிறாள் என்று நான் எழுதியிருந்தேன். "அவ அழுவான்னு உனக்கெப்படி அம்மணி தெரியும்? நீ எழுதிப்போட்டா அழுதுருவாளா?" என்று கேட்டிருந்தாள். வரிந்து கட்டிக்கொண்டு அதற்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். அக்கா காலையில் எழவே இல்லை, மாரடைப்பு என்கிறார்கள் என்றான் தம்பி. அந்தப் பதில் இன்னும் பாதியில் நிற்கிறது. அழிக்க மனம் வரவில்லை, அனுப்ப ஆளில்லை.

ஜமீலாவின் கோட்டைமேட்டு வீட்டுக்கு அன்று வந்திருந்த நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தீர்களோ தெரியாது. எல்லாரும் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது நான் மட்டும் மாடிப்படி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். அவள் தங்கை இரண்டு தரம் வந்து, "கொஞ்சம் உக்காருங்க அக்கா" என்றாள். நான் மறுபடி படியேறினேன். அழுகையும் வரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. படப்பிடிப்புக்கு நாள் குறித்த பிறகு ஒருத்தி இப்படியா செய்வாள்?

அதைவிடக் கோபம், வாட்ஸாப்பில் வந்த இரங்கல் செய்திகளைப் பார்த்து. 'அமைதியாக உழைத்தவர்' என்று ஒருவர் போட்டிருக்கிறார். யார், ஜமீலாவா? ஒத்திகைக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. வந்ததும் யார் டப்பாவில் என்ன பலகாரம் இருக்கிறது என்று திறந்து பார்ப்பாள். டீ ஆறியிருந்தால் தயாரிப்பு நிர்வாகியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். சென்னையில் நாங்கள் இருவரும் ஒரே இயக்குநரிடம் உதவியாளர்களாகச் சேர்ந்தோம், ஒரே அறையில் தங்கினோம், ஒரே வருடம் கோவைக்குத் திரும்பினோம். அவள் அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. தூக்கத்திலும் பேசுவாள்.

நான் எழுதுவேன், இயக்குவேன். திரைக்கதையைப் பிரித்து நடிகர்களைத் தயார் செய்வது அவள் வேலை. என் பக்கங்களை வாங்கியதும் வசனத்தைப் படிக்கவே மாட்டாள். "கதவத் தொறக்கறதுக்கு முன்னாடி அவ கையில என்ன இருந்துச்சு?" என்று ஆரம்பிப்பாள். எனக்குத் தெரிந்திருக்காது. கதாபாத்திரம் அன்று காலை சாப்பிட்டதா, எந்தப் பஸ்ஸில் வந்தது, பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று துருவித் துருவிக் கேட்டு என் பிராணனை வாங்குவாள். பதில் இல்லாத காட்சிக்கு ஒத்திகை கிடையாது.

இன்னொரு சட்டமும் உண்டு. நடிகர்களுக்கு நான் எதையும் நடித்துக் காட்டக் கூடாது. நாங்கள் வேலை கற்ற இடத்தில் எல்லாவற்றையும் நடித்துக் காட்டுகிறவர்தான் நல்ல இயக்குநர். எனக்கும் அந்தப் பழக்கம் ஊறிப்போயிருந்தது. பீளமேட்டில் நாங்கள் ஒத்திகைக்கு எடுத்திருந்த மாடியறையில், பொறுமை இழந்து நான் எழும்போதெல்லாம், "இதைக் கொஞ்சம் புடி" என்று தன் கைப்பையை என்னிடம் நீட்டுவாள். கல் மாதிரி கனக்கும். நானும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். என் கையைக் கட்டிப்போடத்தான் அந்தத் தந்திரம் என்று புரியவே எனக்கு வெகுநாள் ஆயிற்று. "நீ செஞ்சு காட்டுனீன்னா, அவங்க உன்னையத்தான் நடிப்பாங்க" என்பாள்.

வெள்ளகோவிலில், படம் பிடிக்கப்போகும் வீட்டிலேயே வைத்த ஒத்திகையைச் சொல்லாமல் விடக் கூடாது. சண்டைக்குப் பிறகு முதல்முறையாக அண்ணன் தங்கையின் வீட்டுக்கு வருகிற காட்சி. வந்ததும் வராததுமாக இருவரும் கத்திக்கொள்கிறார்கள். இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். தங்கையாக நடித்தவர் ருக்குமணி, உடுமலையில் ஒரு கொப்பரைக் களத்தில் மேற்பார்வை பார்ப்பவர், கேமராவுக்குப் புதிது. அண்ணனாக நடித்தவர் நாடக அனுபவமுள்ள கதிர்வேல். கதிர்வேல் வாசலில் ஏறினார். ருக்குமணி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். கதிர்வேலும் இந்தப் பக்கத்துக்காரர்தானே, வாங்கக் கை தானாக நீண்டது. அண்ணாந்து முழுதும் குடித்து, வாயைத் துடைத்து, சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் எங்கிருந்து கத்துவது? தண்ணீர் வாங்கிக் குடித்த வீட்டில் வாய் எழவில்லை. அசடு வழிய நின்றார்.

தண்ணீர் காட்சியிலேயே இல்லையே என்று நான் சிடுசிடுத்தேன். "ஊட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காம எப்படிங்க சண்டை போடறது?" என்றார் ருக்குமணி. ஜமீலா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கதிர்வேலைத் தனியே கூப்பிட்டு, தண்ணீரை வாங்குவதும் வாங்காததும் அவர் இஷ்டம் என்று மட்டும் சொன்னாள். ருக்குமணியிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை கதிர்வேல் சொம்பைப் பார்த்தார், வாங்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடி இருக்க, ருக்குமணியின் முகம் மெல்ல மெல்லச் சிறுத்துப்போனது. சொம்பை அப்படியே உள்ளே எடுத்துப்போனார். அந்த இரண்டு பக்கங்களை நானே கிழித்துப்போட்டேன்.

ஆனால் ருக்குமணிக்கு நிஜமாகவே வலித்துவிட்டது. பின்கட்டில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த காட்சிக்குப் பறந்தேன். ஜமீலா நகரவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, களத்து வேலை, மகள் படிப்பு, தேங்காய் விலை என்று பேசிப் பேசி அவரைப் பழைய ருக்குமணியாக ஆக்கின பிறகுதான் எழுந்தாள். "ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனா, திரும்பக் கொண்டாந்து உடோணும் அம்மணி" என்றாள்.

அதனால்தான், அவள் போன பிறகு ருக்குமணி வர மாட்டேன் என்றார். உடுமலைக்கே போய் நின்றேன். "அந்தம்மா இல்லாம எனக்கு அந்தக் கடைசி சீன் வராதுங்க. வேற ஆளைப் பாத்துக்கங்க" என்றார். கொப்பரை காயும் களத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். வேறு ஆள் என்றால் படமே இல்லை. கடைசியில், ஒரே ஒரு ஒத்திகைக்கு வருகிறேன், அந்த சீன் வரவில்லையென்றால் என்னை விட்டுவிடுங்கள் என்றார்.

பீளமேட்டு அறைக்கு வந்தார். அண்ணனின் உடல் இருக்கும் இடத்தில் ஒரு கட்டிலைப் போட்டிருந்தோம். கதவருகே நின்று என்னைப் பார்த்து, "நான் அழுவோணுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இயக்குநர் என்றால் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். நான் எழுதியே வைத்திருந்தேன். சொல்ல வாயெடுத்தபோது ஜமீலாவின் கடைசிக் குரல் செய்திதான் நினைவுக்கு வந்தது.

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

ருக்குமணி உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். அழவில்லை. வெறும் கட்டிலைப் பார்த்து, வீட்டில் திட்டுகிற குரலில், "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீங்கள்ல? நான் இன்னும் பேசி முடிக்கலீங்க" என்றார்.

அழுதது நான்தான். கோட்டைமேட்டில் வராத அழுகை, எல்லார் முன்னாலும் அடக்க மாட்டாமல் வந்தது. ருக்குமணி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அவளை அறிந்தவர்களே, ஜமீலாவிடமிருந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது 'தெரியவில்லை' என்ற அந்த ஒரு பதிலைத்தான். வரும் திங்கட்கிழமை படப்பிடிப்பு. கடைசிக் காட்சியின் பக்கத்தில் இப்போது ஒரு வரிதான் இருக்கிறது: தங்கை வருகிறாள்.