ஓபீர் மேட்டில் ஆறடி

பைபிளில் சாலமோன் ராஜாவுக்குப் பொன் அனுப்பிய ஓபீர் என்ற ஊர் எங்கே இருந்தது என்று அறிஞர்களுக்கே தெரியாது. புதுவாயல் பக்கத்து மண்மேடுதான் அது என்பதில் இரும்பாலைத் தொழிலாளி அருளப்பனுக்குச் சந்தேகமே இல்லை. மனைவி சவரியம்மாளை அந்த மேட்டில்தான் புதைத்திருந்தார். குழி வெட்டியபோது பொன் வரவில்லை, பானை ஓடுகள் வந்தன. பக்கத்தில் தனக்கும் ஆறடி விட்டுவைத்தார்.

மேட்டை வெட்டி மண் அள்ள லாரி வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும், அந்த ஓடுகளோடு தொல்லியல் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்.

"இன்னா மாமா, சாலமோன் கப்பல் எந்த ஊட்டாண்ட நிக்குது?" என்பான் எங்களோடு ஆலையில் வேலை செய்த சாம்சன்.

"வரும்டா. உன்ன மட்டும் ஏத்த மாட்டேன்."

கடைசியில் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ஓபீருக்கு ஆதாரமில்லை, ஆனால் மேடு ஈராயிரம் ஆண்டுப் பழசு என்று எழுதினார்கள். லாரி வரவில்லை, வேலி வந்தது. இனி அங்கே யாரையும் புதைக்கக் கூடாது.

அருளப்பன் மறுபடி அலுவலகம் போனார். "சார், அவ பக்கத்துல ஆறடி மட்டும் பழசு இல்லேன்னு எழுதிக் குடுங்க."

"நீங்க குடுத்த ஓடெல்லாம் அங்க எடுத்ததுதானே, பெரியவரே?"

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. ஆடியில் இறந்தார். மேட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, பொதுக் கல்லறையில் புதைத்தோம்.