முகாமுக்கு முன் பட்டினி

விரதத்தில் என்னை மிஞ்சப் பினாங்கிலேயே ஆள் இல்லை. பொய். தைப்பூச விரதத்திலேயே ஒளிந்து நின்று ரொட்டி சானாய் தின்றவன் நான்.

மனைவி இறந்தபின் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மகள் தேவி, பாலேக் பூலாவில் நடக்கும் சில நாள் முகாமுக்கு என் பெயரைக் கொடுத்தாள். வட்டமாக உட்கார்ந்து, விளக்கேற்றி, இறந்தவர்களிடம் மனம்விட்டுப் பேசும் சடங்கு அங்கே உண்டு. முன்னதாகக் காரத்தையும் இறைச்சியையும் குறைக்கச் சொன்னார் முகாம் நடத்தும் அக்கா.

"நோய் ஏதும் இருக்கா அண்ணே?"

"எனக்கா? இரும்பு மாதிரி இருக்கேன்லா!"

இனிப்பு நீர் நோய் இருப்பதை மறைத்துவிட்டேன்.

காவடிக்கு விரதம் இருப்பதுபோல் கடுமையாக இருந்தால்தான் சடங்கில் மனைவி வருவாள் என்று நானே முடிவு கட்டி, வாழ்நாளில் முதன்முறையாக ஏமாற்றாமல் பட்டினி கிடந்தேன். மாத்திரையை மட்டும் விடாமல் விழுங்கினேன். லிட்டில் இந்தியாவில் சடங்குக்கு வேட்டி வாங்கும்போது கை நடுங்கி, வியர்த்து, துணிக்கட்டின் மேல் சாய்ந்தேன். கடைக்காரர் உட்காரவைத்துச் சீனித் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே ஓடிவந்த தேவி திட்டவில்லை.

"நீங்க அம்மாவத் தேடிப் போயிட்டா, நான் யாரைப்பா தேடுறது?"



இப்போது அந்த அக்காவிடம் எல்லா நோயையும் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னபடி சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. முகாம் அடுத்த வாரம். மனைவியிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துவிட்டேன். அது என்னவென்றால்...

"அப்பா, சோறு ஆறுதுலா! எழுதினது போதும், வாங்க."

மன்னிக்கவும். போய்ச் சாப்பிட வேண்டும்.